பதினேழாம் படி

வேதாசலம் ஆனைக்கரணை விமானத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அங்கிருந்த கோபுரம் அதற்கு ஏழு வருஷம் முன்னால், சண்டைக் காலத்தில், ராணுவக்காரர்கள் அவசரத்துக்குக் கட்டியது. நான்கு மரக்கால்கள், மேலே நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஓர் அறை, அறைக்கு ஏறிப்போக முப்பது மரப்படிகள். சண்டை முடிந்ததும் ராணுவம் போய்விட்டது. மெட்ராஸில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் இறங்கிப் பழகுவதற்கும், மீனம்பாக்கத்தில் மழை மூடிக்கொண்டால் ஒன்றிரண்டு விமானங்கள் ஒதுங்குவதற்கும் தளத்தை மட்டும் சர்க்கார் வைத்துக்கொண்டது.

உத்திரமேரூரிலிருந்து ஐந்து மைல். வேதாசலத்துக்கு ஆனைக்கரணையே சொந்த ஊர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மெட்ராஸில் ஒயர்லெஸ் பயிற்சி எடுத்தவன். ஏரிக்கரை நிலத்தைத் தம்பி பார்த்துக்கொண்டான். மேலதிகாரி மாற்றலாகிப் போன பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஆகவே ஒயர்லெஸ் பெட்டி, சிக்னல் விளக்கு, தூரத்து விமானத்தைப் பார்க்கும் தூரக் கண்ணாடி, கோபுரம் எல்லாவற்றுக்கும் அவனே பொறுப்பு.

கோபுரம் ஆடியது. காற்றில்லாத நாளில்கூட மேலே நடந்தால் மேஜை மீதிருக்கும் தண்ணீர்த் தம்ளர் அதிர்ந்தது. கால்களில் கரையான். வேதாசலம் இலாகாவுக்கு எழுதினான். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினான். மரக் கோபுரத்தின் ஆயுள் விதிப்படி இருபது வருஷம், இன்னும் இருக்கிறதே என்றார்கள். மூன்றாவது தடவை ஓர் இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள். அவர் கைத்தடியால் நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். பெயின்ட் அடித்ததும் கரையான் தின்ற இடமெல்லாம் மறைந்து, கோபுரம் கல்யாண வீட்டுப் பந்தக்கால் மாதிரிப் பளபளவென்று நின்றது.

ஐம்பத்தெட்டு கார்த்திகையில் ஒரு புயல். தனியாக வந்த பயிற்சி விமானம் ஒன்று இறங்க வழி தெரியாமல் மேகத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. வேதாசலம் தன் துண்டால் இடுப்பைத் தூணோடு கட்டிக்கொண்டு சிக்னல் விளக்கைக் காட்டினான். ஒரு பெரிய காற்றில் கோபுரம் சாய்ந்து நிமிர்ந்தபோது விளக்கு கையைவிட்டு நழுவிக் கீழே விழுந்து நொறுங்கியது. விமானம் ஓடுபாதையைத் தாண்டி நெல் வயலில் இறங்கிச் சேற்றில் செருகிக்கொண்டது. ஓட்டியவனுக்கு நெற்றியில் காயம், அவ்வளவுதான். 

அதையும் எழுதினான். பத்து மாதம் கழித்து, புரட்டாசியில், எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியரே நேரில் வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது.

கடிதத்தைப் படித்ததுமே அவனுக்கு அந்த யோசனை தோன்றியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வருகிறவர் கைத்தடியால் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது, ஏறும்போது அவர் காலுக்கே பயம் தெரிய வேண்டும் என்று நினைத்தான். ஒவ்வொரு படிப் பலகையும் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கும். பக்கத்துக்கு இரண்டு போல்ட், மேலே நட்டு போட்டு முடுக்கியது. பதினேழாவது படியைத் தேர்ந்தெடுத்தான். பாதி உயரம் தாண்டி, கனத்த ஆள் மூச்சு வாங்க நிற்கும் இடம் அது. துருப்பிடித்த நட்டுகளில் இரண்டு நாள் மெஷின் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தான். இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறி, வலப்பக்கத்து நட்டுகள் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். காலை வைத்துப் பார்த்தான். பலகை தூக்கிப் போட்டது. இடப்பக்கம் இறுக்கமாகத்தான் இருந்தது. விழாது, ஆடும், அவ்வளவுதான். தானே முன்னால் ஏறி, அந்தப் படி வரும்போது, பார்த்து வாருங்கள் என்று சொல்வதாக எண்ணம். அவர் போனதும் நட்டுகளைத் திரும்பப் போட்டுவிடலாம்.

அதே நாள் மத்தியானம் அம்முலுவிடம் தான் சொன்னது அவனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அம்முலு ஏரிக்கால்வாய்க்கு அந்தப் பக்கம் காலனியில் இருப்பவள். வயல் வேலைக்குப் போவாள். தினமும் காலையில் எட்டு மணிக்குக் கோபுரத்துக்கு வந்து, அறையைப் பெருக்கி, நாலு பக்கக் கண்ணாடியையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போவாள். இலாகாப் பதிவில் அவள் பெயர் கிடையாது. வேதாசலம் சில்லறைச் செலவில் ஏதோ கொடுத்துவந்தான்.

"நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாரு அம்முலு. கண்ணாடி பளிச்சுனு இருக்கணும்," என்று சொல்லியிருந்தான்.

"அதுக்கென்னா, தொடச்சிட்டாப் போவுது," என்றிருந்தாள் அவள்.

மறுநாள் ஊர்ப் பெரிய நிலக்காரர் பச்சமுத்துவின் வயலில் களையெடுப்பு. ஏழு மணிக்கெல்லாம் வயலில் இருக்க வேண்டும். எட்டு மணிக்குக் கோபுரத்துக்கு வர முடியாது, சொன்ன வேலையை விடவும் முடியாது என்று அவள் ஆறு மணிக்கே தண்ணீர்த் தவலையோடு வந்து ஏறிவிட்டாள்.

வேதாசலம் ஏழே காலுக்குச் சைக்கிளில் வந்தபோது கோபுரத்தடியில் மாடு மேய்க்கிறவர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். தவலை நசுங்கிக் கிடந்தது. அம்முலு மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தான். பதினேழாவது படி இடப்பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அந்தப் பக்கத்து மரம் பெயின்டுக்கு உள்ளே மாவாகியிருந்தது. வலது பக்கமும் பிடிப்பு இல்லாததால் பலகை அப்படியே கவிழ்ந்துவிட்டது.

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளை உத்திரமேரூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஒரு லாரியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு. அவள் புருஷன் இருசப்பன் கூடவே போனான்.

பத்து மணிக்கு இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். வேதாசலம் வாய் குழறச் சொன்னதைக் கேட்டார். இடப்பக்கத்து மரத்தை விரலால் நோண்டினார். விரல் உள்ளே போயிற்று. வலப்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

"நீங்க நாலு வருஷமா எழுதினது நியாயந்தான்," என்றார். "நான் இன்னிக்கே எழுதிடறேன். இதுல இனிமே யாரும் ஏற வேண்டாம். சரி, அந்தப் பொம்பளை யாரு? மஸ்டர் பதிவுல பேர் இருக்கா?"

"இல்ல சார். கண்ணாடி துடைக்க நான்தான்..."

இன்ஜினியர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க வேலைக்கு வெச்சீங்கன்னு எழுதினா உங்களுக்கும் தொல்லை, இலாகாவுக்கும் தொல்லை. உங்க நல்லதுக்குச் சொல்றேன். அனுமதி இல்லாம, தானா ஏறினாள்னு ஒரு ஸ்டேட்மென்ட் கொடுத்துடுங்க. ஃபைல் சிக்கலில்லாமப் போகும்."

அவர் சொல்லச் சொல்ல வேதாசலம் எழுதினான். 'மேற்படி ஸ்திரீ, விடியற்காலையில், யாருக்கும் தெரியாமல், உத்தரவின்றிக் கோபுரத்தில் ஏறினாள்.' கீழே கையெழுத்துப் போட்டான். சட்டைப்பையில் நட்டுகள் இரண்டும் இடித்துக்கொண்டிருந்தன. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவற்றைக் கமலைக் கிணற்றில் போட்டான்.

பத்து நாள் கழித்து அவன் செங்கல்பட்டுக்குப் போனான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அம்முலுவின் காலை மாவுக்கட்டுப் போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நான் பாத்து ஏறியிருக்கணும்யா," என்றாள். "உங்களுக்குத்தான் பேஜாராப் பூட்ச்சி. பெரிய ஆபீசர் வர்ற அன்னிக்குப் பாத்து இப்டிப் பண்ணிட்டேன்."

அவன் பழத்தைக் கட்டில் ஓரம் வைத்தான். உடம்பைப் பார்த்துக்கொள் என்றான். ஐந்து நிமிஷம்கூட நிற்காமல் வெளியே வந்து, பஸ்ஸுக்குக் காத்திராமல் பாலாற்றுப் பாலம் வரைக்கும் நடந்தான்.

அதற்குப் பிறகு ஃபைல் ஓடியது. நாலு வருஷம் நகராதது நாற்பது நாளில் மதிப்பீடாகி, ஒப்புதலாகி, பேப்பரில் டெண்டர் நோட்டீஸாக வந்தது. நாலு பேர் முத்திரையிட்ட கவர் போட்டார்கள். எல்லோருக்கும் குறைவாகக் கேட்டிருந்தவன் சின்னராசு. ஆனைக்கரணைக்காரன்தான். சுற்று வட்டாரத்தில் மதகும் பள்ளிக்கூடமும் கட்டிய கன்ட்ராக்டர். கான்கிரீட் கோபுரம் புதிதாகக் கட்ட வேண்டும், பழைய கோபுரத்தைப் பிரித்து இரும்பையும் மரத்தையும் பட்டியல் போட்டு இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்பந்தம் அப்படி.

அம்முலு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். கால் கூடியது, ஆனால் இரண்டு விரற்கடை குட்டை. கம்பு ஊன்றி நடந்தாள். சேற்றில் இறங்க முடியாது. ஆனாலும் கடலை உரிக்க, மிளகாய் கிள்ள, உட்கார்ந்து செய்கிற வேலைக்கு யாரும் கூப்பிடலாம். கூப்பிடவில்லை. வேதாசலம் அதைக் கவனித்தான். காரணம் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

இருசப்பன் சின்னராசுவிடம் போய்க் கேட்டு, பழைய கோபுரத்தைப் பிரிக்கிற கூட்டத்தில் சேர்ந்துகொண்டான். கோபுரம் மூடியதிலிருந்து வேதாசலம் ஒயர்லெஸ் பெட்டியோடு ஓலைக் கொட்டகை ஒன்றில் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் மத்தியானம் இருசப்பன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு படியின் இரும்புத் தாங்கி. அதில் இரண்டு போல்ட்டுகள் நிமிர்ந்து நின்றன.

"ஐயா, இத்த ரவ பாருங்க," என்றான். "மத்த படியில எல்லாம் நட்டு துருப்புடிச்சி, உளிய வெச்சி வெட்ட வேண்டிக்கீது. இந்த ஒரு படியில மட்டும் நட்டே இல்ல. போல்ட்டு மரையெல்லாம் புதுசு மாரி கீது. எண்ண போட்டாப்ல பிசுபிசுன்னு கீது. இது அம்முலு வுயுந்த படி."

வேதாசலம் ஒயர்லெஸ் பெட்டியின் குமிழைத் திருகினான். "ராணுவக்காரங்க அவசரத்துல போடாம விட்டிருப்பாங்க இருசப்பா," என்றான்.

இருசப்பன் போல்ட்டைக் கட்டைவிரலால் தேய்த்தான். விரலைப் பார்த்தான். வேதாசலத்தின் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"இருக்கும்யா," என்று சொல்லிவிட்டுப் போனான். தாங்கியைக் கொண்டுபோய் மற்ற இரும்போடு குவியலில் போட்டான். அதற்குப் பிறகும் வேதாசலத்தைப் பார்த்தால் கும்பிட்டான். ஆனால் கொட்டகைப் பக்கம் தண்ணீர் குடிக்கக்கூட வரவில்லை.

வீட்டில் வேதாசலத்தின் பெண்சாதி ஆதிலட்சுமி கேட்டாள், "இன்னா வரவர எதுவும் பேச மாட்டேங்கறே? புதுக் கோபுரம்தான் வருதே. அதுக்குத்தானே இத்தினி வருசம் அடிச்சிக்கினே."

"ஆமா," என்றான். 

அறுபத்தொன்று மாசியில் புதுக் கோபுரம் முடிந்தது. கெட்டியான கான்கிரீட். நாற்பத்திரண்டு படிகள். அசையாது. திறப்புக்கு அதே இன்ஜினியர், இப்போது இன்னும் பெரிய பதவியோடு, காரில் வந்தார். சின்னராசு ஷாமியானா போட்டு எல்லோருக்கும் லட்டும் காராபூந்தியும் கொடுத்தான். வேலை செய்த கூலி ஆட்களும் வரலாம் என்று சொல்லியிருந்ததால் காலனிக்காரர்கள் ஓரமாக நின்றார்கள். அம்முலுவும் கம்போடு நின்றாள்.

இன்ஜினியர் பேசும்போது வேதாசலத்தைக் காட்டி, இவருடைய விடாமுயற்சி என்றார். கை தட்டினார்கள். பிறகு அவர் கண்ணில் அம்முலு பட்டாள். யாரிடமோ குனிந்து விசாரித்துவிட்டுச் சிரித்தார்.

"இவருக்கு மட்டும் நன்றி சொன்னா போதாது. அதோ நிக்கறாங்களே, அந்த அம்மாவுக்கும் சொல்லணும். அவங்க காலை ஒடச்சிக்கலைன்னா இந்த ஃபைல் இன்னும் மேஜை மேலயே கிடந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தன்னைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்கிறார்கள் என்று அம்முலுவும் சிரித்து, கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டாள். வேதாசலம் தன் கையிலிருந்த லட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.  எழுந்து போனால் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்தே இருந்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவன் கால்வாய்ப் பலகையைத் தாண்டிக் காலனிக்குப் போனான். அந்த ஊரில் பிறந்து நாற்பது வருஷத்தில் அங்கே அவன் போனது அதுதான் முதல் தடவை. எந்த வீடு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருசப்பன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அம்முலு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பதறி எழுந்தார்கள். உட்கார எதைப் போடுவதென்று தெரியாமல் இருசப்பன் திண்டாடினான். வேதாசலம் நின்றுகொண்டே சொன்னான்.

"அந்த நட்டைக் கழட்டினது நான்தான். இன்ஜினியர் பயப்படணும்னு கழட்டினேன். நீ அத்தினி சீக்கிரம் வருவேன்னு எனக்குத் தெரியாது அம்முலு."

 இருசப்பன் மறுபடி உட்கார்ந்து கயிற்றை எடுத்துக்கொண்டான். ஆனால் திரிக்கவில்லை.

"எனக்குத் தெரியுங்க," என்றாள் அம்முலு கடைசியில். "நட்டு இல்லன்னு இது அன்னிக்கே வந்து சொல்லிச்சி." புருஷனைக் கண்ணால் காட்டினாள். "நான்தான் வெளிய பேசாதேன்னேன்."

"ஏன்?"

"பேசுனா யாரு நம்பப் போறாங்க? நாங்களே பழிய தூக்கிப் போடறோம்னு சொல்லுவாங்க. இருக்கற வேலயும் பூடும்."

வேதாசலம் தலைகுனிந்து நின்றான். "என்ன பண்ணணும்னு சொல்லு. பண்றேன்."

அம்முலு முறத்தைக் கீழே வைத்தாள். "கால் போனது போனதுதான். அத்த நீங்க குடுக்க முடியாது. ஆனா ஒண்ணு. நான் விடிய முன்ன யாருக்கும் தெரியாம ஏறினேன்னு எயுதிக் குடுத்துட்டீங்களாமே. கன்ட்ராக்டருகிட்ட கீற குமாஸ்தா ஆபீசு காயிதத்துல படிச்சிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டான். அந்தத் தூரக் கண்ணாடிய திருடப் போனேன்னு பேசிக்கறாங்க. பச்சமுத்து வூட்ல என்ன வாசல்லகூட உடல. ஒரு வருசமா யாரு வூட்லயும் உடல. கடல உரிக்கக்கூட கூப்புடல. நான் எதுலயும் கைய வெச்சவ இல்லீங்க." இதைச் சொல்லும்போதுதான் அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "அத்த மாத்தி எயுதுங்க. எயுதி, ஊர்த் தெருவுல நாலு பேரு எதிர படிச்சிச் சொல்லுங்க. நட்டு சமாச்சாரத்த நீங்க சொல்லறதும் சொல்லாததும் உங்க இஷ்டம். எனக்குத் திருடின்னு பேரு போவணும்."

இது அவனுக்குத் தெரியாது. அவள் காலை ஒடித்ததோடு தன் குற்றம் முடிந்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

அந்த வாரமே எழுதினான். மூன்று தாளைக் கிழித்தான். கிழித்த மூன்றிலும் நட்டு இருந்தது. நாலாவதில் இல்லை. அம்முலு ஒன்பது வருஷமாகத் தன் சொற்படி கண்ணாடி துடைத்துவந்தவள், அன்றும் தன் சொற்படியே ஏறினாள், முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்று மட்டும் எழுதி அனுப்பினான். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. பழைய வாக்குமூலம் ரத்து. அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு. பதிவில்லாத ஆளை வேலைக்கு வைத்ததற்காக வேதாசலத்துக்கு இரண்டு வருஷம் சம்பள உயர்வு கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஊர்த் தெரு டீக்கடை முன்னால் அவன் அந்தக் காகிதத்தை விரித்தான். பச்சமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே அதிக நிலம் அவருக்குத்தான். சின்னராசுவும் இருந்தான். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். அம்முலுவும் இருசப்பனும் தெருமுனைப் புளியமரத்துக்கு அந்தண்டை நின்றார்கள். அதற்கு மேல் அவர்கள் வருவதில்லை. வேதாசலம் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னான்.  தான் பொய் எழுதியதாக, தன் வாயால், தன் பங்காளிகளுக்கு முன்னால் சொன்னான்.

பச்சமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ அவ திருடப் போவல?"

"இல்ல மாமா. நான்தான் வரச் சொன்னேன்."

"சரி, போனது போச்சி. அவ ஏறுன அன்னிக்குப் பாத்தா அந்தப் படி சாயணும். அவ நேரம்."

அவர் அதைச் சும்மாதான் சொன்னார். வேதாசலம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். அவ நேரம் என்ற அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு அவனால் போக முடியவில்லை.

"அவ நேரம் இல்ல மாமா. நட்டைக் கழட்டினது நான். கோபுரம் வரணும்னு கழட்டினேன்."

டீக்கடைக்காரன் டீ ஆற்றுவதை நிறுத்தினான். முதலில் எழுந்தவன் சின்னராசு. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"அண்ணே, இன்னா பேசறே நீ? இது மெட்ராஸுக்குத் தெரிஞ்சா உன் உத்தியோகமும் போவும், என் பில்லும் நிக்கும். கோபுரம் சாங்ஷன் ஆனதே தப்புன்னுடுவாங்க."

"தெரியட்டும்."

"தெரியட்டுமாவது," என்றார் பச்சமுத்து. அவர் குரலில் கோபமில்லை, வாஞ்சைதான் இருந்தது. "உக்காருடா. ஊருக்கு நல்லதுதானே பண்ணினே. வேணும்னா பண்ணினே? ஆகாத நேரம், ஆயிடுச்சி. இத்த யாரும் வெளிய பேசக் கூடாது, கேட்டீங்களா?" எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். பிறகு புளியமரத்துப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஏ இருசப்பா, உனக்குந்தான். அம்முலு, உம்மேல தப்பில்லன்னு ஆயிடுச்சி. நாளைலேந்து கடல உரிக்க வூட்டுக்கு வா."

"சரிங்க," என்றாள் அம்முலு.

யாரோ வேதாசலத்தின் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கையில் டீ கொடுத்தார்கள். அவன் மனசு வெள்ளை, அதனால்தான் இப்படிச் சொல்லிவிட்டான் என்று ஒருவர் சொன்னார். புளியமரத்தடியில் நின்றவளை யாரும் கேட்கவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கம்பை ஊன்றித் திரும்பி நடந்தாள். இருசப்பன் அவளுக்குப் பின்னால் போனான். வேதாசலம் எழுந்து போய் அவர்களை நிறுத்தியிருக்கலாம். மறுநாளே தபாலில் எழுதிப் போட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் பிரியம் அவனைப் பிடித்துக்கொண்டது. அவனும் விடுவித்துக்கொள்ளவில்லை. டீயைக் குடித்து முடித்தான்.

அவன் உத்தியோகம் போகவில்லை. புதுக் கோபுரத்தில் பதிவோடு ஒரு துப்புரவு ஆள் போட்டார்கள், உத்திரமேரூரிலிருந்து ஒரு பையன். மழைக்காலங்களில் மூன்று விமானங்கள் அங்கே பத்திரமாக ஒதுங்கி இறங்கின. ஒரு விமானி மேலே ஏறிவந்து வேதாசலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அம்முலு பச்சமுத்து வீட்டுக்குக் கடலை உரிக்கப் போனாள். அவள் போகும் வழியும் அவன் கோபுரத்துக்குப் போகும் வழியும் ஏரிக்கரையில் ஒன்றுதான். முதல் நாள் எதிரே அவள் வருவதைப் பார்த்ததும் வேதாசலம் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நின்றான். அவள் கலவரப்பட்டுத் தானும் ஓரத்தில் நின்றுவிட்டாள்.

"ஏங்கய்யா எறங்கறீங்க? போங்க."

"நீ போ," என்றான்.

"யாருனா பாப்பாங்க. போங்கய்யா."

அவன் ஏறவில்லை. அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கம்பும் காலும் மாறி மாறி விழ, அவனைத் தாண்டிப் போனாள். மறுநாளும் இறங்கினான். அதற்கு மறுநாளும். ஒரு மாதம் வரைக்கும் அவள் வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். அவன் பக்கம் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். ஊரில் சிலர் அவனுக்குப் புத்தி ஒருமாதிரி ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆதிலட்சுமி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டேவிட்டாள், காலனிப் பொம்பளைக்கு எதிரே சைக்கிள்லேந்து இறங்கி நிக்கறியாமே, இன்னாத்துக்கு என்று. சொல்ல அவனிடம் பதில் இருந்தது. சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.